எந்தக் கல் என்று கேட்காத மைத்துனனுக்கு

ஹொசகெரே கிராமம்,
விஜயபுரா ரோடு, தேவனஹள்ளி தாலுக்கா.
மாசி மாதம், வியாழக்கிழமை,
மோட்டார் ரூமிலிருந்து.

சகல சௌபாக்கியங்களும் பெற்று நீடூழி வாழ வேண்டிய, வாழ்வதற்குக் கொஞ்சம் காதையும் தீட்டிக்கொள்ள வேண்டிய சிரஞ்சீவி மைத்துனன் சரவணனுக்கு, உன் அக்காள் அம்புஜத்தின் கணவன் சந்திரசேகரன் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான் சுகம். நன்றாகக் கவனி, சுகம் என்று எழுதியிருக்கிறேன். எனக்குச் சிறுநீரகத்தில் கல் இல்லை. பித்தப்பையில் கல் இல்லை. உடம்பின் எந்தப் பாகத்திலும் எந்த அளவிலும் கல் கிடையாது. அவ்விடம் நீயும் கிருத்திகாவும் குழந்தைகளும் இதேபோலக் கல்லில்லாமல் க்ஷேமமாக இருக்க அல்சூர் சுப்ரமணியரை வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உனக்குப் போனில் சொன்னால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரே பார்த்துவிட்டது. எழுத்தாக இருந்தால் திரும்பப் படித்துப் பார்க்கலாம். ஒருமுறைக்கு இருமுறை படி, படித்து முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் யாரைக் கூப்பிடவேண்டுமோ கூப்பிடு. இதைக் கொண்டுவந்து தருகிறவர் ராகேஷ் என்ற ஆம்புலன்ஸ் டிரைவர். வாசலில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. வண்டிக்குள் யாரும் படுத்திருக்கவில்லை, தபால் மட்டும்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு டெம்போ பிடித்துக்கொண்டு வா. நானும் உன் அக்காளும் ஜோகுபாளையம் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறோம். நாங்கள் இருந்த மாடியில் இப்போது வாடகைக்கு இருக்கும் லாயிட்டிடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லவேண்டும். அவன் என் கல் கரைய வேண்டும் என்று மாதா கோவிலில் பூசை வைத்தான் என்று கேள்விப்பட்டேன். எனக்காகப் பூசை வைத்தவனிடம் போய் இடத்தைக் காலி பண்ணு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பூசைக்கு மூலகாரணம் நீ என்பதால் அதையும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

எங்கள் ஒப்பந்தம் உனக்குத் தெரியாததல்ல. பீன்யாவில் லேத் பட்டறைக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜை முன்னால் நின்று நின்று கால் மரத்துப்போய் ரிட்டயர் ஆனவன் நான். எனக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்தது ஒரே ஆசை, ஒரு திராட்சைத் தோட்டம். உன் அக்காளுக்கு ஜோகுபாளையத்தை விட்டு நகர ஆசையில்லை. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் அறுப்புவரை இங்கே இருந்து பார்ப்பது, அப்புறம் அவள் இருக்கலாம் என்றால் இருப்பது, போகலாம் என்றால் நான் மறுபேச்சுப் பேசாமல் மூட்டை கட்டுவது. வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே குறை. "இங்க பேசறதுக்கு ஒரு பொம்பள இல்லீங்க. நான் என்ன திராட்சக் கொடி கிட்டயா பேசறது?" என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கலாம். தோட்டத்துக்கு நோய் வரக்கூடாதென்று நான் இரும்புக் கேட் போட்டு, கன்னடத்தில் போர்டு எழுதி மாட்டி, உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றவேண்டும், மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கவேண்டும், கையைக் கழுவவேண்டும் என்று சட்டம் வைத்திருந்தேன். கம்பெனியில் அப்படித்தான். நோயும் வரவில்லை, மனிதர்களும் வரவில்லை. இருந்தாலும் பழம் நிறம் ஏறட்டும், குலையைக் கையில் வாங்கினால் மனசு மாறிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை பளிச்சென்று வெயில். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று கட்டிலில் சாய்ந்தேன், வடக்கே வானம் ஈயச்சட்டி நிறத்துக்கு வந்துவிட்டது, காற்று பட்டென்று நின்றது, அக்கம்பக்கத்து மாடுகளெல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. சமையலறை ஷீட்டின் மேல் டொக் என்று ஒரு சத்தம். யாரோ மாமரத்துக்குக் கல் விடுகிறார்கள் என்று நினைத்து, "யார்ரா அது?" என்று கத்திக்கொண்டு வாசலுக்குப் போனேன். காலடியில் ஒரு ஐஸ் உருண்டை கோலிக்குண்டு போல உருண்டு வந்தது. இன்னொரு டொக். அதற்கப்புறம் டொக் டொக் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது, லாரியில் வந்த ஜல்லியை வீட்டுக்கூரை மேல் கொட்டின மாதிரி ஒரே சத்தம், பக்கத்தில் நிற்கும் உன் அக்காள் வாயசைப்பது தெரிகிறது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. உலகத்தில் மனிதனுக்கு மனிதன் ஐஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன், எனக்கு வானமே வைத்தது.

அந்த நேரத்தில் நான் ஒன்றும் நடுங்கிக்கொண்டு நிற்கவில்லை. பித்தளை அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திராட்சைப் பந்தலுக்கு ஓடினேன். தார்ப்பாயை இழுத்து முதல் வரிசையையாவது மூடிவிடலாம் என்று பார்த்தேன், காற்று அதைப் பிடுங்கி ஏரிப்பக்கம் கொண்டுபோய்விட்டது. அண்டா மேல் விழுந்த அடியில் காது இரண்டும் கும்மென்று அடைத்துக்கொண்டது. தோளில் ஒரு கல் விழுந்தது பார், உயிர் போய் உயிர் வந்தது. வீட்டுக்குள் வந்ததும்தான் உனக்குப் போன் போட்டேன். சொந்தம் என்று இருப்பது நீ ஒருவன், கஷ்டத்தில் உன் குரலைக் கேட்கவேண்டும் போல இருந்தது, அது என் தப்பா?

நான் சொன்னது என்ன? எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "சரவணா, கல்லுடா! சின்னக் கல்லு இல்ல, எலுமிச்சம்பழம் சைஸு! விடாம விழுது! வலி தாங்கல! உங்க அக்கா அழுவுறா!" அவ்வளவுதான், டவர் போய்விட்டது. இதைக் கேட்ட எந்த மனிதனும் கல்மழை என்று புரிந்துகொள்வான். ஆனால் போன வருஷம் உனக்குக் கிட்னியில் கல் வந்து பொம்மசந்திரா பேக்டரியிலிருந்து ஷிப்டு நடுவில் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்றையிலிருந்து உலகத்தில் உள்ள கல்லெல்லாம் உன் கல். கோவிலில் கல் தூணைப் பார்த்தாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவன் நீ. எலுமிச்சம்பழம் சைஸில் ஒரு கல் மனிதன் உடம்பிலிருந்து விடாமல் விழுமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக்கூடாதா? நீ யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாய், வேலூர் சித்தப்பாவுக்குப் போட்டாய், லாயிட்டிடம் சொன்னாய், அதோடு விட்டாயா, நான் எப்போதோ கொடுத்த இந்த ஊர்ப் பால் டெய்ரி லேண்ட்லைன் நம்பரைத் தேடி எடுத்து அவர்களுக்கும் போட்டாய்.

டெய்ரி செக்ரட்டரியிடம் உன் பேக்டரிக் கன்னடத்தில், "நம்ம பாவங்கே கல்லு, தும்பா சீரியஸ்" என்றாயாம். அதாவது எங்கள் மாமாவுக்குக் கல், ரொம்ப சீரியஸ். அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்? கூரையெல்லாம் ஓட்டையாகி, கணுக்கால் வரைக்கும் ஐஸ் குவிந்த ஊரில். அவருக்குத் தெரிந்தது ஒரே கல்தான். டெய்ரி மைக் பாட்டரியில் ஓடுகிறது. உடனே போட்டார், "பீன்யா சாருகே கல்லு பித்திதே, தும்பா சீரியஸ் அந்தே, எல்லாரூ பன்னி!" பீன்யா சார் என்பது நான்தான், இங்கே எனக்கு அப்படித்தான் பெயர். பீன்யா சார் தலையில் கல் விழுந்துவிட்டது, உயிர் ஊசலாடுகிறது, எல்லோரும் வாருங்கள் என்று ஊர் முழுக்க முழங்கிவிட்டது.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்றால் பந்தலடியில் நின்றுகொண்டிருந்தேன். கல்மழை நின்று வெயில்கூட லேசாக அடித்தது. ஊரே உப்பைக் கொட்டினது போல வெள்ளை. கணுக்கால்வரை ஐஸ், அதன் மேல் பச்சைப்பசேலென்று கிழிந்த இலைகள், கீரை ஆய்ந்து போட்ட மாதிரி. மேலே நிமிர்ந்து பார்த்தால் பந்தலில் வெறும் குச்சிதான் இருந்தது. குலைகளெல்லாம் கீழே நசுங்கிக் கிடந்தன, ஐஸில் அங்கங்கே ஊதா நிறம் இறங்கியிருந்தது. ஒரு குலையை எடுத்துத் துடைத்தேன், அதில் உருப்படியாக ஒரு பழம் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் சரவணா, எனக்கு அழுகை வந்துவிட்டது. பழம் போனதுகூடப் பெரிதில்லை. இதைக் காட்டித்தானே உன் அக்காளை இங்கே இருக்கவைக்கலாம் என்று பார்த்தேன், இனி எதைக் காட்டுவேன்?

அழுதுகொண்டிருந்தவனை நிம்மதியாக அழவிட்டார்களா! கேட்டில் ஒரே கூச்சல். போர்டில் எழுதியிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. நான் திறப்பதற்குள் நாலு பேர் தோள் கொடுத்து முட்டி, கேட் கீலோடு பெயர்ந்து விழுந்தது. செருப்புக்கால், சேற்றுக்கால், மாட்டுச்சாணிக்கால் எல்லாம் உள்ளே. பக்கத்துத் தோட்டத்து முனிரத்னம்மாதான் முதல் ஆள், பட்டுப்புழு வளர்க்கிறவள், குரல் டெய்ரி மைக்கைவிடப் பெரிது. நான் பழக்குலையோடு நின்றேனா, முகத்தில் கையில் எல்லாம் ஊதாச் சாறு, கண்ணில் தண்ணீர். "அய்யோ ரத்தா!" என்று ஒரே அலறல். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, தலையில் அடிபட்டவன் அப்படித்தான் உளறுவான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டு, உச்சந்தலையில் மஞ்சளைக் குழைத்து அப்பி, யாருடைய துண்டையோ கிழித்துக் கட்டு கட்டிவிட்டார்கள். உன் அக்காள் தடுப்பாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள். பாவம், என்னை அந்தக் கோலத்தில் பார்க்கத் தாங்கவில்லை.

இந்த நிலையில்தான் நீ அனுப்பிய ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. ஏரிக்கரை வளைவில் ஐஸ் கரைந்த சேற்றில் மாட்டிக்கொண்டு, ஊர் ஆண்கள் எல்லோரும் போய்த் தள்ளிக் கொண்டுவந்தார்கள். டிரைவர் ராகேஷ் கே.ஆர்.புரத்துப் பையன், தமிழ் பேசுவான். தலையில் இவ்வளவு பெரிய கட்டோடு கிடக்கிறேன், சுற்றிலும் ஊர்ப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இவன் நேராக என்னிடம் வந்து, "சார், யூரின் ஒழுங்காப் போவுதா?" என்று கேட்டான். நான், "என்னப்பா கேள்வி இது?" என்றேன். அவன், "எரிச்சல் இருக்குதா? ரத்தம் கலந்து போவுதா?" என்றான். முனிரத்னம்மாவுக்குத் தமிழ் அரைகுறை, அவளுக்கு ரத்தம் என்ற வார்த்தை மட்டும் புரிந்தது, தலையைக் காட்டினாள். அவன் இடுப்பைக் காட்டினான். அவள் தலை என்றாள், இவன் இடுப்பு என்றான். கடைசியில் உன் அக்காள்தான் நடுவில் புகுந்து, கல் வேறு கல் என்று தமிழிலும் கன்னடத்திலும் விளக்கினாள். அப்புறம் சிரித்தார்கள் பார், தங்கள் வயல் போச்சு, கூரை போச்சு, அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரித்து ஓய்ந்ததும் முனிரத்னம்மா திடீரென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என்ன என்று கேட்டால், அவள் புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருக்கின்றன, அந்தப் பருவத்தில் ராட்சசத் தீனி தின்னும், இன்னும் சில நாளில் கூடு கட்டவேண்டியவை. புழுக்கொட்டகை ஷீட்டெல்லாம் நொறுங்கித் தட்டுகளின் மேல் தண்ணீர் ஒழுகுகிறது, மல்பெரித் தோட்டத்தில் ஒரு இலை மிச்சமில்லை. வானத்திலிருந்து கல் விழுந்தது என்று புழுவுக்குத் தெரியுமா, அதற்குப் பசிக்கிறது. எங்கள் ஹாலுக்குத்தான் சுற்றுவட்டத்தில் காங்கிரீட் கூரை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அக்காள் "கொண்டாங்க" என்றாள். அரை மணி நேரத்தில் நான் படுத்திருந்த கட்டில் வெளியே போய், தட்டுத் தட்டாகப் புழு உள்ளே வந்துவிட்டது.

இலைக்கு வழி? கல்மழை என்பது ஒரு பட்டையாகத்தான் அடிக்குமாம், ஏரிக்கு அந்தப்பக்கத்துக் கிராமத்தில் வெறும் மழை. ராகேஷ் தலையைச் சொறிந்துகொண்டு, "காலி வண்டியத் திருப்பிக்கினு போனா ஓனர் ஏன்னு கேப்பாரு சார். உயிரக் காப்பாத்தற வண்டின்னுதானே எழுதியிருக்கு, எந்த உயிருன்னு எழுதலயே" என்றான். நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு போனான். போகும்போதும் சைரன், வரும்போதும் சைரன். ஸ்ட்ரெச்சர் மேல் படுக்கவைத்து, பெல்ட் போட்டு, கட்டுக்கட்டாக மல்பெரி இலை வந்து இறங்கியது. அன்று தொடங்கியவன், தினமும் ஒரு நடை இலையோடு வந்துபோகிறான். ஊர்க்காரர்கள் செல்போனெல்லாம் ஆம்புலன்ஸ் பிளக்கில் சொருகிச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அப்படித்தான் உன் இருபத்தேழு மிஸ்டு காலையும் நான் பார்த்தேன், திரும்பக் கூப்பிடுவதற்குள் டவர் மறுபடி போய்விட்டது.

அன்றிலிருந்து இங்கே கரண்ட் இல்லை, போர் மோட்டார் ஓடவில்லை. டிரம்மில் அள்ளிப்போட்ட ஐஸ் உருகி, அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் தேய்த்தார்கள். ஈர இலையைத் தின்றால் புழு செத்துப்போகுமாம், ஆகவே ஊர்ப் பெண்கள் கூட்டமாக ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைக்கிறார்கள். நீ பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிய வாழைத்தண்டு மூட்டையும் வந்து சேர்ந்தது. முனிரத்னம்மா அதைப் பொரியல் செய்து ஊருக்கே போட்டுவிட்டாள். இந்தத் தாலுக்காவில் இனி யாருக்கும் கிட்னியில் கல் வராது.

இவ்வளவும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. தோள்வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு ஹாலுக்குள் போனேன். முனிரத்னம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "சார், வாசனே! ஹுளக்கே ஆகல்ல, ஆச்சே ஹோகி!" புழுவுக்கு வாசனை ஆகாதாம், வெளியே போகவேண்டுமாம். என் வீடு, என் ஹால், என் தோள்! உன் அக்காளைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் கதவைக் கைகாட்டினாள். நாளெல்லாம் தைலம், ஆகவே நாளெல்லாம் வெளியே. இப்போது மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே பாய் போட்டுக் கிடக்கிறேன். சாப்பாடு ஜன்னல் வழியாக வருகிறது. நான் ஊருக்கெல்லாம் கை கழுவச் சட்டம் போட்டவன், கழுவிவிட்டு வந்தாலும் என்னைச் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள்.

வேடிக்கையை விடு, இப்போது மனசில் இருப்பதைச் சொல்கிறேன். உன் அக்காள் முடிவெடுத்துவிட்டாள் சரவணா. அவள் வாயால் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜன்னலில் நின்று, "அம்புஜம், அறுப்புதான் போச்சே, என்ன பண்ணலாம் சொல்லு" என்று கேட்டேன், கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். கோபம் வந்தால் கத்துகிறவள் அவள், இந்த மௌனம் நான் பார்க்காத மௌனம். நேற்றுக் காலை பரணிலிருந்து இரும்புப்பெட்டியை இறக்கிப் புடவைகளை எடுத்து அடுக்கினாள். சாயங்காலம் பாத்திரங்களையெல்லாம் வரிசையாக வைத்து எண்ணினாள். இதற்கு மேல் எனக்கு யார் வந்து சொல்லவேண்டும்? கண்ணெதிரில் மூட்டை கட்டுகிறாள்.

அவள் என்னிடம் வந்து "போகலாம்" என்று சொல்லும்படி வைக்க எனக்கு மனசில்லை. எனக்காகத்தானே தெருவையும் கடையையும் பேச்சுத்துணையையும் விட்டுவிட்டு இந்தக் காட்டில் வந்து கிடந்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் வாசலில் டெம்போ வந்து நிற்கவேண்டும், அந்த ஒரு மரியாதையையாவது நான் அவளுக்குச் செய்யவேண்டும். எனக்குத் தோட்டத்தை விட்டு வர இஷ்டமில்லை, உன்னிடம் மறைப்பானேன், குச்சியாக நிற்கிற கொடியைப் பார்த்தால்கூடத் தொட்டுப் பார்க்கத்தான் தோன்றுகிறது. ஆனால் பேச்சு பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு, வெயிலுக்கு முன்னால் ஏற்றிவிடலாம். மோட்டாரை மட்டும் கடைசியில் நானே கழற்றிக்கொள்கிறேன்.

கிருத்திகாவுக்கு என் ஆசி. குழந்தைகளுக்கு முத்தம். லாயிட்டுக்கு என் நமஸ்காரமும் நன்றியும், அதற்கப்புறம் அந்த விஷயமும். வேலூர் சித்தப்பாவிடம் ஆபரேஷன் தேதி எதுவும் இல்லை என்று சொல்லிவிடு. நீ அவசரக்காரனாக இருந்தாலும், கூப்பிட்டதும் ஒரு வண்டியையாவது அனுப்பினாய், அந்த மனசு நூறாண்டு நல்லபடி இருக்கட்டும். கீழே உன் அக்காளுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அவள் மூக்குக்கண்ணாடி கல்மழையில் உடைந்துவிட்டது, மேலே உள்ளதைப் படிக்கமாட்டாள், உனக்கு ஆசீர்வாதம் மட்டும் எழுதுவாள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்
உன் மாமா,
ஆ. சந்திரசேகரன்.

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். "ரெண்டு வரி ஆசீர்வாதம் எழுது, மேல இருக்கிறது எல்லாம் மோட்டார் சமாச்சாரம்"னு சொல்லி உங்க மாமா ஜன்னல் வழியா இத நீட்டினாரு. மோட்டார் சமாச்சாரம் எழுதினவரு எதுக்கு மூஞ்சிய அப்படி வெச்சிக்கிட்டு நிக்கணும்? முனிரத்னம்மா கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கிட்டு மொதல்லேருந்து கடைசிவரைக்கும் படிச்சேன்.

டெம்போ கொண்டாராத. லாயிட்டு கிட்ட ஒரு வார்த்த மூச்சு விட்டுடாத, அது பாட்டுக்கு இருக்கிற நல்ல புள்ள.

அண்டாவத் தலைல கவுத்துக்கிட்டுப் பந்தலுக்கு ஓடினது நான்டா. தார்ப்பாயப் புடிச்சு இழுத்ததும் நான். உங்க மாமா அப்போ கட்டிலுக்கு அடியில இருந்தாரு. தோள்ல பட்டது கல்லு இல்ல, அவசரமா உள்ள பூர்றப்போ கட்டில் சட்டம் இடிச்சது. நான் அழவும் இல்ல. அவருக்குத் தலைக்கட்டுப் போட்டப்போ வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பினேனே, சிரிப்ப அடக்க முடியாமத்தான். தைலத்துல ஊறிக்கிட்டு இருக்காரே, அத நிறுத்தினா இன்னிக்கே உள்ள வரலாம்.

நான் செவ்வாக்கெழமையிலேருந்து பேசலயாம், மௌனமாம். தொண்ட கட்டிக்கிச்சுடா! பத்து மாசப் பேச்ச நாலு நாள்ல பேசினா வேற என்ன ஆவும்? காத்துதான் வருது, சத்தம் வரல. மெளகுக் கஷாயம் குடிச்சிக்கிட்டிருக்கேன். பெட்டியத் தொறந்தது மூட்ட கட்ட இல்ல, எல தொடைக்கப் பழைய நூல்பொடவ வேணும்னு எடுத்தேன். பாத்திரத்த எண்ணினது, எல்லாரும் இங்கயே ஒலை வெக்கிறோம், யாருது எதுன்னு தெரியணுமில்ல. கேட்டு விழுந்தது விழுந்தபடியே கெடக்கட்டும், அத எடுத்து நிறுத்தினா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.

புழு நேத்து சாயங்காலமே கூடு கட்ட ஆரம்பிச்சிடுச்சி. முனிரத்னம்மா அதப் பாத்துட்டு என்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டா. அவ வீட்டுக்காரரு வந்து பந்தலப் பாத்துட்டு, அடிபட்ட கெளையக் கழிச்சி விட்டா கொடி திரும்பத் துளுக்கும், கொடிக்கு ஒண்ணும் ஆவலன்னாரு. உங்க மாமா மோட்டார் ரூம்ல உக்காந்து கடிதாசி எழுதினதுல இதெல்லாம் அவரு காதுல விழல.

நான் அவருக்காகத்தான் இங்க வந்தேன், அது நெசம். இப்போ எனக்காக இருக்கேன். அவருக்குப் போவணும்னா ராகேஷ் வண்டியிலயே ஏத்தி அனுப்பறேன், பூட்டு சாவி மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் போவட்டும். நீ ஞாயித்துக்கெழம கிருத்திகாவையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வெறுங்கையோட வா, கூடு பிரிக்க ஆளு வேணும்.

இன்னும் நெறைய எழுதலாம், நேரமில்ல. வந்த நாளா இந்த ஊர்ல நான் பீன்யா சார் வீட்டம்மா, எனக்குன்னு ஒரு பேரு இருக்குன்னு யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்ல. இப்போ வாசல்ல நாலு பேரு நின்னு, "அம்புஜக்கா, பர்தீரா?"ன்னு கூப்பிடறாங்க, வர்றீங்களான்னு அர்த்தம். நான் போவணும்டா.